பிரிட்டிஷ் படத்துக்கு இடைவேளை எங்கே?

போன ஞாயிறு ஒரு பிரிட்டிஷ் படத்தைப் பாதியில் நிறுத்தினோம். இன்னும் முடிக்கவில்லை. படத்தின் மேல் குற்றமில்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

விவரமாகச் சொல்கிறேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி மேலப்புதூர் போய்விடுவேன். அங்கே ரீட்டா வீடு. என்னோடு கல்லூரியில் படித்தவள். பிறகு அதே கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் அந்தோணி அண்ணன் ரயில்வேயில் இருந்தவர். அவர்களுக்குக் காலையில் சர்ச்சில் பூசை, மதியம் பிரியாணி, அப்புறம் என்னோடு படம். படம் பிரிட்டிஷ் படமாக இருக்க வேண்டும் என்பது ரீட்டாவின் சட்டம்.

"சத்தம் கம்மி, சாவு கம்மி. நம்ம வயசுக்கு அதான் ஒத்துக்கும்" என்பாள்.

இந்தப் படங்களில் ஒரே ஒரு குறைதான். இடைவேளை கிடையாது. இடைவேளை இல்லாமல் படம் பார்த்து நமக்கு எங்கே பழக்கம்? அதனால் நாங்களே விட்டுக்கொள்வோம். ரிமோட் அண்ணன் கையில். எங்கே நிறுத்துவது என்பதில் வாராவாரம் சண்டை. கதை திரும்புகிற இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தியேட்டர் நியதி. பிரிட்டிஷ் படத்தில் கதை எங்கே திரும்புகிறது? யாராவது எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்கள். அதுதான் திருப்பம். அசந்தால் தவறிப்போகும். அப்படி நிறுத்தியதும் காபி, முறுக்கு, அதுவரை பார்த்ததன் மீது தீர்ப்பு.

அண்மையில் பார்த்த ஒன்றில், கடலோரச் சிற்றூரில் அப்பாவும் மகனும் பழைய படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அம்மா இறந்து சில நாள்தான் ஆகியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் அப்பா கழுவ வேண்டிய பிரஷ்ஷை மகன் வாங்கிக் கழுவுகிறான். முடிந்தது படம். வீடு திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டும்வரை எனக்கு எரிச்சல். படம் பிடிக்காததால் அல்ல. ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லத் தெரிகிறதே, அந்த எரிச்சல். நான் பத்திரிகையில் செய்தி டெஸ்க்கில் இருந்தபோது யாராவது இதை எழுதிக் கொண்டுவந்திருந்தால், "சரிப்பா, என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இன்னொன்று ஒரு கிராமத்துப் பாடகர் குழுவைப் பற்றியது. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. எரிச்சல் வரவில்லை. 'அருமையான படம்' என்று இரண்டு பேருக்குச் சிபாரிசுகூடச் செய்தேன்.

நாவல்களிலும் இதே கதைதான். இந்த வருடம் படித்தவற்றில் ஒன்று மூன்று தலைமுறைக் கதை. தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இன்னொன்று நகரத்து இளம் ஜோடியைப் பற்றி... அத்தியாயத்துக்கு ஒரு காபி ஷாப். பெயர்கள் வேண்டாம். எழுதிய இருவரும் புத்தகக் கண்காட்சியில் எதிரே வருகிறவர்கள். வந்தார்கள். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது? பொறாமைப்பட அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான்.

இனி ரீட்டா விஷயம்.

மூன்று ஞாயிறுகளுக்கு முன்னால், காபி முடிந்ததும் ஒரு துணிப்பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். உள்ளே கட்டாகத் தாள்கள்.

"என்னடி, இன்னும் ஆன்சர் பேப்பர் திருத்தறியா?"

"நாவல்."

"யாரோடது?"

"என்னோடதுதாண்டி."

அந்தோணி அண்ணனைப் பார்த்தேன். "எனக்கே போன வாரம்தாங்க தெரியும்" என்றார். "கம்ப்யூட்டர்ல தட்டிக்கிட்டே இருப்பா. பேரனுக்கு மெயில் போடறான்னு நெனச்சேன். அவன் என்னடான்னா, பாட்டி எனக்கு மெயிலே போடறதில்லங்கறான்!"

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். ரீட்டாவுக்குத்தான் துணிவில்லை.

"நீ படிச்சுட்டு சொல்லு. தேறும்னா அனுப்பறேன். இல்லன்னா பரண்ல போட்டுடறேன். வேற யாருகிட்டயும் காட்டறதா இல்ல. ஆனா ஒண்ணு, புத்தகக் கண்காட்சியில சொல்ற மாதிரி எங்கிட்ட சொல்லாதே."

தெரிந்து வைத்திருக்கிறாள்!

ஸ்ரீரங்கம் வந்ததும் காபி போட்டு எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். கையில் சிவப்புப் பேனா. மோசமாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை. இத்தனை வருடம் எழுத்தை நம்பிப் பிழைத்தவள் நான். ஒரு நாவல் எழுதவில்லை. செம்பருத்தியின் மகரந்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவள் எழுதிவிடுவாளா?

முதல் அத்தியாயங்களில் பேனா ஓய்வில்லாமல் ஓடியது. வாக்கியம் நீளம். இந்தச் சொல் வேண்டாம். துறையூரிலிருந்து பச்சைமலை இந்தப் பக்கமா தெரியும்? மார்ஜின் முழுக்கச் சிவப்பு. மனதுக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

நடுவில் ஓர் அத்தியாயம். துறையூர் பஸ் ஸ்டாண்டு.

அந்தக் காட்சியை முதலில் பார்த்தவள் நான். நிருபராக இருந்தபோது உப்பிலியபுரம் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு, துறையூரில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும். பிரிந்து போகிறார்கள் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவள் வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். அவன் அவளுடைய பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். பஸ் கிளம்பியது. அவ்வளவுதான். அதில் செய்தி இல்லை, நான் எழுதவில்லை. எப்போதோ ரீட்டாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

நாவலில் பஸ் போன பிறகும் அவன் நின்றுகொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில், அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அவள் வேகமாக நடந்து வருகிறாள். மனம் மாறிவிட்டாள் என்று அவன் நினைக்கிறான். நாமும்தான். வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள்: "மாவை வெளியிலயே வெச்சுட்டேன். புளிச்சுடும். போனதும் ஃபிரிட்ஜ்ல எடுத்து வைங்க." சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள்.

தாளைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்தது பாருங்கள், கோபம்! துறையூரில் கால் கடுக்க நின்றவள் நான். அவர்களைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் மாவைப் பார்த்தவள் ரீட்டா. ஒருவேளை நான் எழுதியிருந்தாலும் சாவியோடு நின்றிருப்பேன். அது எனக்கே தெரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ரீட்டா கேட்டபோது, "இன்னும் முடிக்கலடி" என்றேன். முடித்திருந்தேன். போன ஞாயிறு வேறு வழியில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்வதென்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தேன். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அன்றைய படத்தில் மனைவி பெட்டியோடு வெளியே போகிறாள். கணவன் ஜன்னலோரம் டீக்கோப்பையோடு நிற்கிறான். "இங்கதான்!" என்று அண்ணன் நிறுத்தினார். முதல்முறையாக யாரும் சண்டை போடவில்லை.

ரீட்டா பையைத் திறந்தாள். ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

"இவ்ளோ தப்பாடி?"

நான் முறுக்கை உடைத்தேன். இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அவள் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள். கணவரைப் பார்க்காமல், "ஏணிய எடுத்துட்டு வாங்க" என்றாள். "பரண்ல வெச்சுடலாம்."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. தாள்கட்டை வாங்கி, அடியிலிருந்து புரட்டினார். "ரீட்டா, இங்கெல்லாம் ஒரு கோடுகூட இல்லையே. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கடைசி வரைக்கும் வெள்ளையாத்தான் இருக்கு."

ரீட்டா என்னைப் பார்த்தாள். "அதுக்கு மேல படிக்கவே இல்லையா நீ?"

"அலுத்துப்போயி இடைவேளை விட்டுட்டாங்க போல" என்றார் அண்ணன். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"இல்லண்ணே" என்றேன். "அங்கேர்ந்துதான் இடைவேளையே விடல. ரெண்டாவதா போட்ட காபி அப்படியே ஆறிப்போச்சு. பேனா எங்க போச்சுன்னே தெரியல. படிச்சு முடிச்சப்புறம் நாற்காலிக்கு அடியிலேர்ந்து எடுத்தேன்."

ரீட்டா தாள்கட்டைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"பொறாமை."

"கொஞ்சமா?"

"முன்னாடி இருக்கற சிவப்பையெல்லாம் பாரு. அவ்வளவும் அதுதான். அதுல பாதிக்கு மேல நீ திருத்தவே வேண்டாம்."

ரீட்டா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "நல்லா இருக்குன்னு நீ சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். "ஏங்க, அனுப்பிடலாம்."

"இரு, நானே கம்ப்யூட்டரைப் போடறேன்" என்று அண்ணன் எழுந்தார். "உனக்கு மனசு மாறறதுக்குள்ள."

அனுப்பியாயிற்று. பதிப்பகத்தார் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்று புரிந்தது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக நூல் விமர்சனம் எழுதுகிறோம், நட்சத்திரம் கொடுக்கிறோம், மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். படித்தவருக்கு வயிறு எரிந்ததா என்று கேட்டாலே போதும். அதைவிட நேர்மையான மதிப்புரை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

படத்தைத்தான் மறந்துவிட்டோம். அந்தக் கணவன் இன்னும் மேலப்புதூரில் டீக்கோப்பையோடு நின்றுகொண்டிருக்கிறான். நிற்கட்டும்... அவன் வீட்டில் மாவு அரைப்பதில்லை!