அடுத்த அறையில் என் குரல்

தக்கலையில் ஒரு கண் மருத்துவமனையில் வார்டு பொறுப்பு சிஸ்டராக இருந்தேன். கடற்கரை ஊரில் மீன் விற்கும் ஓர் அம்மா, சர்க்கரையால் விழித்திரை கெட்டு, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். ஒரு வாரம் குப்புறத்தான் படுக்க வேண்டும். வருகிறவர்களின் செருப்பு தெரியும், குரல் கேட்கும். அவ்வளவுதான்.

ஒரு மதியம் மாடியில் மீட்டிங் முடிந்து, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினோடு அவரிடம் போனேன்.

"இப்பந்தானே மக்கா போட்டிய?" என்றார்.

"நானா?"

"நீங்கதான். எனக்க மவளப் பத்திக்கூட கேட்டியல்லா."

ஒரு மணி நேரமாக நான் மாடியில் இருந்தேன். அம்மா ஏதோ தடுமாறுகிறார் என்று நினைத்தபடி கையைத் திருப்பினேன். தோலில் புதிதாக ஒரு ரத்தப் பொட்டு. சார்ட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஊசியை மூடி வைத்தேன். சர்க்கரை அளவைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லி, அம்மாவைச் சாப்பிட வைத்தேன். பணியிலிருந்த நர்ஸ்கள் இருவரும் போடவில்லை என்றார்கள். வார்டில் உதவிக்கு இருந்த பெண்ணிடம் கேட்கத் தோன்றவே இல்லை. குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும்தான் அவள் வேலை.

சார்ட்டோடு வராந்தாவுக்கு வந்தேன். அடுத்த அறைக்குள் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"கைய நீட்டுங்க அப்பா. லேசா குத்தும்."

பேச்சில் என் இழுப்பு, இடையில் வரும் என் சின்னச் செருமல். கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தேன். குப்புறப் படுத்திருந்த பெரியவரின் கட்டிலருகே, உதவிக்கு இருந்த பெண் ஊசியோடு நின்றாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"யாரு உன்ன ஊசி போடச் சொன்னது?"

"நர்ஸ்மாரு கொறவு சிஸ்டர். எல்லாத்தையும் பாத்துக்கோன்னு நீங்கதானே சொல்லீட்டுப் போனிய."

சொல்லியிருந்தேன். பல நாள் சொல்லியிருக்கிறேன்.

"எனக்க குரல்ல ஏன் பேசுன?"

"எனக்க குரல்னா கைய நீட்ட மாட்டாவ."

அதையும் என் குரலில்தான் சொன்னாள்.

நர்சிங் சூப்பிரண்டுக்கு அறிக்கை எழுதினேன். நான் சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் எழுதினேன். எனக்கு மெமோ வந்தது. அவளைத் துணிகள் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த அம்மா நலமாக வீடு போனார். அதன்பிறகு வார்டைவிட்டு நகரும்போதெல்லாம், யார் எதைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டே போனேன்.

சில வாரம் கழித்து, விரிப்புக் கட்டுகளோடு படியில் எதிரே வந்தாள்.

"சாப்பிட்டியளா சிஸ்டர்?"

மெலிந்த, கரகரத்த குரல். பன்னிரண்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவள். அவளுடைய சொந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.