காதுகுத்தில் வாசித்த கதம்பம்

என் தாய்மாமன் ஒரு இசைக்குழு நடத்தினார் என்று சொன்னால் இப்போது என் பிள்ளைகளே நம்புவதில்லை. குழுவின் பேர் 'கதம்பம்'. அப்போது மதுரையில் தெருவுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. எல்லாரும் சினிமாப் பாட்டைப் பாடிப் பிழைத்தார்கள். மாமாவின் குழு மட்டும் சினிமாப் பாட்டைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தது. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, பெரும்பாலும் சொந்தமாகவே கைதட்டிக்கொள்வார்கள்.

மாமா புல்புல்தாரா வாசிப்பார். கோரிப்பாளையத்து அண்ணன் தப்ஸ் அடிப்பார். தர்காவில் கந்தூரி என்றால் அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாருமே அடிப்பார்கள். பசுமலையில் வாத்தியார் படிப்புப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் சர்ச்சில் பழகிய கிட்டாரோடு வருவார். பாடுவதற்கு ஒரு அக்கா. சாயப்பட்டறைக்காரர் மகள், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். தமிழ்ப் பாட்டுக்கு நடுவே அந்தப் பாஷையில் இரண்டு வரி நுழைத்துவிடுவார். எங்கிருந்து மெட்டு எடுப்பது என்று கணக்கே கிடையாது. வளையல்காரர் கூவினாலும் சரி, பஜனைக் கூட்டம் தெருவில் போனாலும் சரி, மாமா காதில் விழுந்தது மறுநாள் புல்புல்தாராவில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் பயிற்சி. நான் மூன்றாம் வகுப்பு. உலகத்திலேயே பெரிய பாட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் காப்பி குடிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டிருந்தேன்.

உலகம் அப்படி நினைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் வாசித்தபோது, சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கத்தியே இவர்களை இறக்கிவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா மைக்செட்காரரிடம் போய் ரெக்கார்டைப் போடச் சொல்லிவிட்டார். என் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. என் தம்பிக்குக் காதுகுத்து வருகிறது, தாய்மாமன் சீராகக் கச்சேரியையே கொண்டு வரட்டும், சொந்தபந்தம் மெச்சினால் சரி, இல்லையென்றால் மறுநாளே மில் வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமாவும் ஒப்புக்கொண்டார்.

அதற்காகவே ஒரு புதுப் பாட்டு தயாரானது. அம்மா மாவாட்டும்போது எப்போதும் ஒன்றை முனகுவாள். அதில் வார்த்தை இருக்காது, ராகம் மட்டும் ஆட்டுக்கல்லோடு சேர்ந்து சுற்றும். மாமா அதைத்தான் பிடித்தார். கொலுசு, கிலுகிலுப்பை, தாய்மாமன் மடி என்று சந்தோஷமாக வரிகள் எழுதி, கிட்டாரும் தப்ஸும் சேர்த்துத் துள்ள வைத்தார். காதுகுத்து அன்றைக்குத்தான் அம்மா கேட்க வேண்டும் என்று ரகசியமாகப் பசுமலையில் போய்ப் பழகினார்கள். என்னையும் ஒருநாள் கூட்டிப்போனார். நான் எழுந்து ஆடினேன்.

திருவாதவூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். வெயில் ஏறுவதற்குள் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். மாமா மடியில் தம்பியை உட்கார வைத்து, ஆசாரி காதைத் துடைத்துக்கொண்டே அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இது எத்தனாவது பிள்ள தாயி?"

"மூணாவது."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருப்பதே நானும் தம்பியும்தான். அம்மா என்னைப் பார்க்காமல் தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி வீரிட்டான், காதுகுத்து முடிந்தது, மாமா அவனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு ஓடினார்.

முதல் இரண்டு பாட்டுக்கு யாரும் கத்தவில்லை. அதுவே பெரிய வெற்றி. மூன்றாவதாக, மருமகனுக்காகவே போட்ட பாட்டு என்று மாமா மைக்கில் சொன்னார். எனக்குத் தெரிந்த பாட்டு என்ற பெருமையில் நான் முன்னால் போய் ஆட ஆரம்பித்தேன்.

முதலில் பொம்பளைகள் பக்கம் பேச்சு நின்றது. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். ஒரு பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். நான் ஆடிய கால் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. துக்க வீட்டில் அவர்கள் பந்தலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள். உள்ளே பாடுவதை எங்கே காதில் வாங்கினார்கள்? அப்பாவின் அக்கா, என் அத்தை, எழுந்து நின்றார்.

"பச்சப்பிள்ள காதுகுத்துல வந்து ஒப்பாரி வாசிக்கிறான். இவனெல்லாம் ஒரு தாய்மாமனா?"

அப்பா விறுவிறுவென்று போய் மைக்செட் வயரைப் பிடுங்கினார். மாமா பாவம், கரண்டு போய்விட்டதென்று அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பிறகுதான் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தார். அதுவரை பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒப்பாரி மெட்டு என்று தனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றார் மாமா. எங்கே பிடித்தாய் என்று அத்தை விடாமல் கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, அக்கா மாவாட்டும்போது பாடுவது என்றார்.

எல்லாத் தலையும் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். சொந்தக்காரர்கள் முன்னால் அவள் குரலை உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதேயில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"அவனத் திட்டாதீக. நான் பாடுனதுதான். என் மூத்த பிள்ள போனப்ப, பச்சமண்ணுக்குச் சத்தம் போட்டு அழுகக் கூடாதுன்னு என் வாயப் பொத்துனீக. மேளமும் இல்ல, ஒப்பாரியும் இல்ல. துணியில சுத்திக் கொண்டு போயிட்டீக. நான் எங்கிட்டுப் போயிப் பாட? ஆட்டுக்கல்லுகிட்டதான் பாடுனேன்."

எனக்கு ஒரே அதிர்ச்சி. மூத்த பிள்ளை நான்தான். நான் எங்கேயும் போகவில்லை, என்னை யாரும் துணியில் சுற்றவில்லை, மேடைக்கு முன்னால் புதுப் பாவாடையோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று பயந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை உட்கார்ந்துவிட்டார். அம்மா மாமாவைப் பார்த்து, "விட்ட எடத்துலருந்து வாசிடா" என்றாள்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து, கையிலிருந்த வயரைப் பிடுங்கிய இடத்தில் அவரே சொருகினார். இரண்டு தரம் தவறி மூன்றாவது தரம்தான் உள்ளே போனது. பாட்டுக்கார அக்காவுக்குக் குரல் வரவில்லை. மாமாவின் புல்புல்தாரா மட்டும் கேட்டது. தப்ஸ் அண்ணன் விரல் நுனியால் மெதுவாகத் தட்டினார்.

அதுதான் கதம்பத்தின் கடைசிக் கச்சேரி. அதற்கப்புறம் யார் கூப்பிடுவார்கள்? மாமா பேச்சுத் தவறாமல் மில்லுக்குப் போனார். பசுமலை அண்ணன் வாத்தியார் ஆனார், கோரிப்பாளையத்து அண்ணன் வளைகுடாவுக்குப் போனார், அக்காவைப் பரமக்குடியில் கட்டிக் கொடுத்தார்கள். சினிமாப் பாட்டை மட்டும் அவர்கள் கடைசிவரை தொடவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தோம். அம்மா ஜன்னலோரம், மடியில் தம்பி தூங்கினான். எனக்கு மனசு ஆறவில்லை. அம்மாவின் பிழையைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்து, ஆசாரியிடம் தம்பியை மூணாவது என்று சொன்னாயே, நாங்கள் இரண்டு பேர்தானே என்று கேட்டேன். அம்மா என் தலையைத் தடவி, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பினார். மனக்கணக்கில் ஒன்று தப்பினால்கூட என் காதைத் திருகுகிறவர் அவர். எனக்காகப் பேசப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தப்பில்ல. மூணுதான்" என்றார்.

அப்பாவுக்கும் எண்ணத் தெரியாமல் போய்விட்டது. வீடு வந்து சேரும்வரை நான் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எப்படி எண்ணினாலும் இரண்டுதான் வந்தது.