தாய்மாமன் கட்டுவதா, பட்டாளம் கட்டுவதா?

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? கிளம்பிவிட்டேன்.

கூப்பிட்டவர் தேக்கா கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர் சண்முகம். விவகாரம் அவருடைய தங்கை மகள் மல்லிகாவைப் பற்றியது. பெண்ணுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பா இல்லை. பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்தவர், போன வருடம் போர்னியோ காட்டுச் சண்டையில் போய்விட்டார். அப்படிப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி ஃபீஸ் முழுவதையும் பட்டாளமே கட்டிவிடுமாம்.

காட்டில் விழுந்த ஒரு மனிதரை மறக்காமல், அவர் வீட்டுப் பெண்ணின் படிப்பு வரைக்கும் நினைத்துப் பார்க்கிறார்களே... எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் சண்முகத்துக்கு ரோஷம். காதுகுத்து முதல் கல்யாணம் வரை சீர் செய்ய வேண்டியவன் தாய்மாமன். அவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது பட்டாளத்துக்காரன் எதற்கு? ஊர் என்ன பேசும்? ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதே புலம்பல். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது.

தங்கை வள்ளியம்மை எங்களை உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார். அண்ணன் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வந்த வேலை சுலபமாக முடிந்தது என்றே நினைத்தேன்.

கடைசியில்தான் சண்முகம் விஷயத்துக்கு வந்தார். தன் மகனுக்கும் வயதாகிறது — ஃபீஸை ஏற்றுக்கொண்ட கையோடு பரிசம் போட்டுவிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பைப் பற்றி யோசிக்கலாம். உள்ளே மல்லிகா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஓ... சீருக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கா?

வேண்டாம் என்று மட்டும் சொன்னார் வள்ளியம்மை. முகத்தில் கோபம்கூட இல்லை. கோபமெல்லாம் சண்முகத்துக்குத்தான்.

"மாமன் காசு கசக்குது, பட்டாளத்துக் காசு இனிக்குதா? நாளைக்கு அவங்க மட்டும் பதிலுக்கு ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்கண்ணே. குடுக்க வேண்டியத அவரு முன்னாடியே குடுத்துட்டாரு."

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டார். நானா? பஞ்சாயத்து பேசப் போனவன், அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.