எண்பத்துநான்கைத் தாண்டாத நாடி

என்னை வீட்டுக்குள் அடைத்து வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி. மற்றவள் கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள். இரண்டு பேரும் என்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அதனால் யாரிடமும் போய் முறையிடவும் வழியில்லை.

போன மாசியில் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினேன். இரத்தத்தைத் தள்ளும் வலு இதயத்துக்கு நன்றாகக் குறைந்துவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்தால் உப்பில்லாத சோறு, அளந்து தரும் தண்ணீர், காலையும் மாலையும் விழுங்க ஒரு கை குளிசை. சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள் மனைவி. வாசல் படலையில் கை வைத்தால் போதும், குசினி அடுப்படியில் இருந்து "எங்கை போறியள்?" என்று குரல் வரும். நீர்ப்பாசனக் கந்தோரில் ஊர் வாய்க்காலுக்கெல்லாம் கோப்பு எழுதி, கந்தோர் விட்டதும் வயலில் இறங்கி இருட்டும் வரை நின்றவன் நான். இப்போது விறாந்தையில் இருந்து அடம்பனுக்கு ஓடும் பஸ் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது.

இது போதாதென்று மகள் ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். நாடி எத்தனை தரம் அடிக்கிறது என்று காட்டுகிற கடிகாரம். இங்கே என் மணிக்கட்டில் விழும் எண் அங்கே அவளுடைய ஃபோனிலும் விழும். நூற்றைத் தாண்டினால் அவளுக்கு மணி அடிக்கும். அடித்தால் உடனே தாய்க்கு அழைப்பு வரும். ஒருநாள் தேங்காய் உரித்தேன், அழைப்பு வந்தது. இன்னொரு நாள் பென்சன் கடிதத்தில் என் பிறந்த ஆண்டைப் பிழையாக அடித்திருந்ததைப் பார்த்துக் கத்தினேன், அதற்கும் வந்தது. என் வீட்டில் எனக்குக் கோபப்படக்கூட அனுமதி இல்லாமல் போய்விட்டது.

வைகாசி கிளினிக்குக்குப் பாலம் தாண்டி மன்னாருக்குப் போனோம். இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி குளிசை ஒன்றின் அளவைக் கூட்டினாள். மனைவி மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரம், எனக்குத் தனியாக விளங்கப்படுத்தினாள்.

"ஐயா, உங்கட இருதயம் இவ்வளவு நாளும் பயந்து அடிச்சு ஓடினது. கனக்க எரிச்சுக் கொஞ்ச வேலை செய்தது. இந்தக் குளிசை அதை மெல்ல ஓட விடும். கொழுப்பு எரிக்கிறதைக் குறைச்சுச் சீனியைக் கூடுதலா எரிக்கப் பழக்கும். அதுக்கு ஒக்சிஜன் கொஞ்சம் போதும். ஆனா நடக்கேக்க கால் பாரமா இருக்கும், கெதியா பெலன் தீர்ந்துபோகும். வெறும் வயித்தில நடக்காதேங்கோ."

"அப்ப நடக்கலாமோ?"

"கட்டாயம் நடக்கோணும். ஆனா இனி நாடியை எண்ணி நடக்க ஏலாது. நீங்கள் களைச்சாலும் குளிசை நாடியை ஏற விடாது. கதைச்சுக்கொண்டு நடக்க ஏலுமெண்டா நடவுங்கோ. மூச்சு வாங்கிக் கதை அறுந்தா நில்லுங்கோ."

இந்தக் கடைசிப் பகுதியை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

ஏனென்றால், பின்னேரக் குளிசையை நீட்டும்போது மனைவி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, இந்தப் போகம் வயலைக் குத்தகைக்குக் குடுப்பமே?" நானும் தினமும் ஒரே பதிலைச் சொன்னேன். "நான் உயிரோடதான் இருக்கிறன்." ஐப்பசியில் விதைக்க வேண்டும். அதற்கு முன் தனியாக வயலுக்குப் போய், கடைசி வரம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். போய் வந்துவிட்டால் வயல் என் கையில் இருக்கும். வராவிட்டால் குத்தகைதான். முக்கால் மைல், அவ்வளவுதான்.

மனைவி வெளியே போகும் நேரம் பார்த்துக் களவாக நடந்து பழகினேன். முதலில் ஒழுங்கை முடிவு வரை. பிறகு மதகு வரை. மதகடியில் மூச்சு வாங்கி நிற்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். எண்பது, எண்பத்திரண்டு. அதற்கு மேல் ஏறாது. த்ரொட்டிலைக் கயிற்றால் கட்டிவிட்ட உழவு இயந்திரம் போல ஒரே சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது நெஞ்சு. பின்னேரம் மகள் ஃபோன் எடுப்பாள். "நல்லா ஓய்வெடுக்கிறியள் அப்பா. இப்பிடியே இருங்கோ." நானும் நல்ல பிள்ளையாக ஓம் என்பேன். என்னைக் காவல் காத்த எண்ணே எனக்குக் களவுக்குத் துணை வந்தது. சொல்ல வெட்கம், எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவி பிள்ளையார் கோவிலுக்குப் போனாள். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். மதகைத் தாண்டியபோதே தொடை கனத்தது. நோவு இல்லை, நெஞ்சடைப்பு இல்லை. நெஞ்சு வேகமெடுக்கவும் மாட்டேன் என்றது, கால் முன்னே போகவும் மாட்டேன் என்றது. இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் விடவில்லை. கடைசி வரம்பில் குனிந்து மண்ணைத் தொட்டேன். கோடையில் வெடித்து, கொள்ளியாய்ச் சுட்டது.

திரும்பி இருபது முப்பது அடி வைத்திருப்பேன். இரண்டு காலிலும் இருந்த பெலன் ஒரேயடியாக இல்லாமல் போனது. வரம்பில் குந்தினேன், பிறகு சரிந்தேன். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை, மாடு இல்லை. கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். எண்பத்துநான்கு. யாருக்கும் மணி அடிக்காது. இங்கேயே என் கதை முடிந்தாலும், முடியும் வரை நான் ஓய்வெடுப்பதாகத்தான் அது காட்டும். எனக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில்கூட அப்படிப் பயப்படவில்லை.

அப்போது பையில் ஃபோன் அடித்தது. மகள். அங்கே இராச் சாப்பாடு முடிந்த நேரம்.

"என்ன அப்பா, எழும்பிட்டியளே? எண்பத்துநாலு. நல்லம்."

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு முழு வசனத்துக்கு மூச்சு இல்லை. "வயலில... கிடக்கிறன்... மகள்."

"அம்மா எங்கை?" என்றாள்.

"கோயில்ல. ஃபோன்... வீட்டில."

"நெஞ்சு நோகுதா?"

"இல்லை. நாடியைப் பாக்காதை. குளிசை... அதை ஏற விடாது. டொக்டர் சொன்னவ. நான்தான்... சொல்லேல்லை."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. "அப்பா, நானும் இதே கடிகாரம்தான் கட்டியிருக்கிறன். உங்களுக்கு எண்பத்துநாலு. எனக்கு நூற்றிப் பதினெட்டு. நான் சும்மா கதிரையில இருக்கிறன். ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்."

என் சிறைக்கு அவள்தான் காவல் என்று அவ்வளவு நாளும் கோபித்திருந்தேன். அவளும் உள்ளேதான் இருந்திருக்கிறாள்.

டொக்டர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டாள். கதைத்துக்கொண்டு நடக்கச் சொன்னதைச் சொன்னேன். "அப்ப கதையுங்கோ," என்றாள். முழு வசனம் பேச வரும் வரை என்னை எழும்ப விடவில்லை. எழும்பிய பிறகும் ஃபோனை வைக்கவில்லை. அவள் கனடா போன பதினொரு வருடமாக "சாப்பிட்டியா, குளிரா" என்பதற்கு மேல் அவளிடம் நான் பேசியதில்லை. அன்றைக்குப் பேசாமல் நடக்க முடியாது. கந்தோரில் நடந்த சண்டை, அவள் பிறந்த நாள் பெய்த மழை, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வசனம் அறுந்த இடங்களில் "நில்லுங்கோ" என்றாள். நின்றேன். முக்கால் மைலுக்கு ஒன்றரை மணித்தியாலம் போனது.

மனைவி வந்திருந்தாள். படலையைப் பிடித்தபடி நின்றாள். வேட்டியில் இருந்த மண்ணைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வயலைக் குத்தகைக்குக் குடுப்பம்," என்றேன். "இனி என்னாலை ஏலாது."

ஆறு மாதமாக அவள் கேட்டு நின்ற பதில் அதுதான். நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் படலையடியில் அப்படியே குந்திவிட்டாள்.

"நீங்கள் 'உயிரோடதான் இருக்கிறன்' எண்டு சொல்லுவியள், ஏலாதெண்டு சொல்லமாட்டியள் எண்ட துணிவிலதானே நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான்," என்றாள்.