வெல்லக் கொப்பரை

பஸ் ஜன்னலில் வெல்லப்பாகு வாசனை வந்தால் எனக்குச் செஞ்சியில் எங்கள் ஏரிதான் ஞாபகம் வரும். அறுபதுகளில், மழைக்கு ஏரி நிரம்பிவிட்டால், அக்கரைக் கழனிக்குப் பனைமரத்தைக் குடைந்த தோணியில் போவோம், ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவராக; இல்லையென்றால் வெல்லம் காய்ச்சுகிற வட்டக் கொப்பரையில், அது கவிழாதிருக்க எதிரெதிரே உட்கார்ந்து.

நைனாவோடு பேசாத நாட்களில் அம்மா தோணியைத்தான் கேட்பாள்.

"தோணி ஓட்டையா இருக்குது, இதுல ஏறு" என்பார் நைனா.

துடுப்புப் போட்டதும் கொப்பரை சுற்றும், கோட்டை மலையும் கூடவே சுற்றும், உம்மென்றிருந்த அம்மா நடு ஏரிக்குள் சிரித்துவிடுவாள்.

மறுநாள் அதே தோணியில் நைனா வேட்டி நனையாமல் போய் வருவார். கரையில் நிற்கும் அம்மா ஒன்றுமே கேட்டதில்லை.