கண்ணாடியில் முகம் பார்த்த ஓட்டுநர்

பல்லேபொலயிலிருந்து மாத்தளைக்கு நான் ஏறிய திரீவீலரின் ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைவிடத் தன் முகத்தையே அதிகம் பார்த்தார். அந்த முகம் பளபளவென்று மின்னியது.

“முகத்துல என்னண்ணே?” என்றேன்.

“கற்றாழையும் தேங்காயெண்ணெயும்ங்க. கொஞ்சம் தேன்மெழுகு உருக்கி நானே கலக்கினேன். சம்சாரம் இன்னைக்குக் குவைத்துல இருந்து வர்றா. போன்ல பாத்துட்டு, ‘கெழவனாயிட்டீங்களே’ன்னு சொல்லிட்டா. சுருக்கம் கொறஞ்சிருக்குங்களா?”

“நல்லாவே கொறஞ்சிருக்கு” என்றேன். வேறென்ன சொல்வது?

பஸ் நிலையத்தில் பெட்டியோடு காத்திருந்த அவர் மனைவி ஓடிவந்தார்.

“என்னங்க, இப்படி வேர்த்துக் கெடக்கு?” என்று முந்தானையால் கணவரின் முகத்தை அழுத்தித் துடைத்தார். பூசியதெல்லாம் முந்தானைக்குப் போயிற்று.

மனிதர் கண்ணை மூடிக்கொண்டு மறு கன்னத்தையும் காட்டினார்.