அக்கா அம்மாவுக்குச் சொல்லாத ஒரு வருடம்

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் எங்கள் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்து வரவேற்பு மேசையிலிருந்து அந்த அக்கா நிமிர்ந்து பார்த்த கணம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பக்கத்து நகரான எசனில் மாதமொருமுறை தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசையில், பாட்டுக் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். நான் வந்ததோ என் குடியைப் பற்றிப் பேச. காலை வகுப்புக்கே தண்ணீர்ப் போத்தலில் வொட்கா கொண்டுபோகும் நிலைக்கு வந்திருந்தேன். இரண்டு பரீட்சைகளைக் கோட்டை விட்டிருந்தேன். கை நடுங்கத் தொடங்கியதில் பயந்துதான் அங்கே போனேன். அக்காவைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டேன். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? நான் ரயில் ஏறுமுன் கதை அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

அக்கா படிக்கட்டு வரை ஓடி வந்தார். "தம்பி, நில்லுங்கோ. டொக்டரோட நீங்கள் கதைக்கிறது எனக்குக் கேக்காது. இஞ்ச நடக்கிறது ஒண்டும் நான் வெளியில சொல்லவும் ஏலாது, சொல்லவும் மாட்டன். வேற டொக்டரிட்டப் போக வேணுமெண்டாலும் நானே நாள் நேரம் கேட்டு டெர்மின் எடுத்துத் தாறன். இண்டைக்கு மட்டும் இப்பிடியே போகாதேங்கோ." நான் அவரை நம்பவில்லை. ஆனால் அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. நின்றேன்.

ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து என்றார் டொக்டர். மருந்தோடும் கண்காணிப்போடும் மெல்ல மெல்லக் குறைத்தோம். வாராவாரம் போனேன், மறுபடி குடித்துவிட்டு வெட்கத்தோடு போன வாரங்களும் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று அக்கா ஒருநாளும் துருவவில்லை. அடுத்த டெர்மினை எழுதி நீட்டி, "வாங்கோ தம்பி" என்பார். அந்த "வாங்கோ"வுக்காகவே நான் போன நாட்கள் பல.

இடையில் ஒரு பூசை முடிவில் அம்மா அக்காவிடமே பெருமையடித்தார்: "என்ர மகன் பியர்கூடத் தொடமாட்டான்." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஓம் அக்கா, நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு அக்கா பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார்.

ஒரு வருடம் கழித்து நானே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுது தீர்த்தபின் அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க வேலை செய்யிற அவவுக்குத் தெரியுமோ?" தெரியும் என்றேன். அவ்வளவு கோபமும் அக்காமேல் திரும்பியது. மூன்று பூசைகளுக்கு அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டுக் குழுவில் மறுமுனைக்குப் போய் நின்றார். அக்கா ஒரு விளக்கமும் சொல்லவில்லை. என்னால் அவருக்கு இப்படி ஆயிற்றே என்று எனக்குத்தான் மனம் கிடந்து அடித்தது.

இன்று வேலைக்குப் போகிறேன்; குடியை விட்டு நான்கு வருடங்கள். நல்லபடியாக ஒரு நாள் முடியும்போதெல்லாம் நான் நினைப்பது அந்த நாலாவது பூசையைத்தான். அம்மா நேரே போய் அக்காவின் கையைப் பிடித்தார்.

"கோவம்தான் தங்கச்சி, இப்பவும் கோவம்தான். ஆனா நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தா, இவன் பிறகு உங்களிட்டயும் வந்திருக்கமாட்டான், என்னட்டயும் வந்திருக்கமாட்டான். நான் இவனை எங்க போய்த் தேடியிருப்பன்?"